எகிப்திய எழுத்து முத்திரைப் பெட்டி: வாங்கலாம், ஆனால் விளக்கத் தாளை நம்ப வேண்டாம்

மல்லாவியில் எங்கள் சனசமூக நிலையத்தின் வாசிகசாலைப் பிள்ளைகளுக்காகக் கிளிநொச்சிக் கடையொன்றில் இந்தப் பெட்டியை வாங்கினேன். விலை 3,200 ரூபாய். பண்டைய எகிப்தியரின் பட எழுத்துகளைச் செதுக்கிய 26 றப்பர் முத்திரைகள், கறுப்பு மைத்தட்டு, ஒரு விளக்கத் தாள்.

செதுக்கு வேலை அருமை. எகிப்தியர் ஆந்தையின் உடலைப் பக்கவாட்டில் வரைந்து முகத்தை மட்டும் நம்மை நோக்கித் திருப்புவார்கள், அதுகூடப் பிசகவில்லை. ஆந்தை 'ம்', நீரலை 'ந்', வாய் 'ர்'. மை கைகளிலிருந்து எளிதில் கழுவுப்படுகிறது.

என் மனக்குறை விளக்கத் தாளில்தான். ஆங்கில அரிச்சுவடிக்கு எழுத்துக்கு ஒரு படம் என்று பங்கிட்டுவிட்டார்கள். எகிப்தியர் உயிரொலிகளை எழுதவில்லை. ஒற்றை மெய்யைக் குறிக்கும் படங்கள் ஏறத்தாழ 24. இரண்டு, மூன்று மெய்களைச் சேர்த்துக் குறிப்பவை வேறு. வீட்டின் தரைப்படம் 'ப்-ர்'. அதன் கீழே சிறு கோடொன்று இட்டால் வீடேதான். கோட்டுக்குப் பதிலாக வாயையும் நடக்கும் இரு கால்களையும் சேர்த்தால் 'வெளியே போ'. வாய் அந்த 'ர்' ஒலியை உறுதிப்படுத்துகிறது. கால்களுக்கு ஒலியே இல்லை; இது நடமாட்டம் பற்றிய சொல் என்று அறிவிப்பதே அவற்றின் வேலை. சொல்லிடைவெளி இல்லாத வரியில் ஒரு சொல் எங்கே முடிகிறது என்பதையும் பெரும்பாலும் இத்தகைய ஒலியற்ற குறிகளே காட்டுகின்றன. 1822இல் பிரெஞ்சு அறிஞர் சம்போலியன் கண்டுகொண்டதும் ஒலியும் பொருளும் கலந்த இந்த முறையைத்தான்.

பெட்டியில் அந்த ஒலியற்ற குறிகளில் ஒன்றுகூட இல்லை. தரம் 7 பிள்ளையொருத்தி தன் பெயரைக் குத்தி முடித்துவிட்டு, "ரீச்சர், இது பெண்பிள்ளையின் பெயர் என்று வாசிப்பவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். எவ்வளவு கூர்மையான கேள்வி! பெயரின் கடைசியில் அமர்ந்திருக்கும் பெண்ணை வரைவார்கள் என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். உடனே எல்லோரும் பேனாவை எடுத்துத் தங்கள் பெயர்களுக்குப் பின்னால் ஆணையோ பெண்ணையோ வரைந்துகொண்டார்கள்.

இன்னொன்று: எல்லா முத்திரைகளும் இடப்பக்கமே பார்க்கின்றன. உருவங்களின் முகம் பார்க்கும் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்க வேண்டும். எகிப்தியர் பெரும்பாலும் வலமிருந்து இடமாகவே எழுதினார்கள். வாசல்களின் இருபுற நிலைக்கால்களிலும் எதிரெதிராகப் பார்க்கும்படியும் செதுக்கினார்கள். அதைச் செய்துபார்க்க வலப்பக்கம் பார்க்கும் முத்திரைகள் வேண்டும்.

தயாரிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: உயிரெழுத்துகளுக்கென்று ஒட்டவைத்த முத்திரைகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆண், பெண், கால்கள், பப்பிரசுக் கோரைத் தாளின் சுருள் ஆகியவற்றை வையுங்கள். அப்போது மல்லாவிப் பிள்ளைகளுக்கு இரண்டாவது பெட்டியும் வாங்குவேன்.