சீறுகிறவனும் சுருங்குகிறவனும்

சின்ன வயதுக் காயத்தைச் சினிமா பெரும்பாலும் கோபமாகத்தான் காட்டும். 'குட் வில் ஹன்டிங்' (1997) படத்தின் நாயகன் வில், வளர்ப்புத் தந்தையிடம் அடிவாங்கியவன். யாராவது நெருங்கினால் வார்த்தையாலேயே வெட்டிவிடுவான். "உன் தப்பில்லை" என்று ஆலோசகர் திரும்பத் திரும்பச் சொல்ல, முதலில் தள்ளிவிடுகிறான், அப்புறம் உடைந்து அழுகிறான். அருமையான காட்சிதான். ஆனால் ஒரே அழுகையில் எல்லாம் ஆறிவிடுமா என்ன?

'மிஸ்டிக் ரிவர்' (2003) டேவ் உள்ளுக்குள் சுருங்குகிறவன். எனக்கு இவன்தான் நிஜத்துக்குப் பக்கத்தில் தெரிகிறான். சின்ன வயதில் கடத்தப்பட்டு அடைபட்டுக் கிடந்த நாலு நாளைப் பற்றி மனைவியிடம்கூட மனம்விட்டுப் பேசியதில்லை. அவனுடைய மழுப்பலே பின்னால் அவன்மேல் சந்தேகத்தைக் கிளப்புகிறது. சிறுவனாக, ஈர சிமென்டில் பெயர் எழுதும்போது கடத்தப்பட்டவன் அவன். இரண்டே எழுத்தோடு நின்றுபோன அந்தப் பெயர், அவன் வளர்ந்து ஆளான பிறகும் நடைபாதையில் அப்படியே கிடக்கிறது.