கை ஸ்டீயரிங்கில்தான் இருக்கிறது: என் எலக்ட்ரிக் காரோடு 14 மாதங்கள்

கார் வாங்கி 14 மாதம் ஆகிறது. இதுவரை 26,400 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வேறு கம்பெனிக் கார் வைத்திருக்கும் நண்பர்கள் இரண்டு பேரும் இதே குறைகளைத்தான் சொல்கிறார்கள். 60 கிலோவாட் மணி பேட்டரி. லேனின் நடுவில் நிறுத்தி, முன்னால் போகும் வண்டிக்குத் தக்கபடி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவர் அசிஸ்ட் உண்டு. அந்த அசிஸ்டுக்காகவே கூடுதல் பணம் கொடுத்து மேல் வேரியன்ட் எடுத்தேன். மாதம் இரண்டு முறை அம்மாவைப் பார்க்கப் போகிறேன், போக வர 620 கிலோமீட்டர். என் வலது தோளில் பழைய அடி ஒன்று இருக்கிறது. இரண்டு மணி நேரம் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தால் இரவெல்லாம் வலிக்கும். ஆகவே எனக்கு இந்த வசதி ஆடம்பரம் இல்லை, தேவை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுவதற்கு இதைவிட இதமான காரை நான் வைத்திருந்ததில்லை. சத்தம் இல்லை, நடுக்கம் இல்லை, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைத்துவிடுகிறது. 20,000 கிலோமீட்டரில் பிரேக் பேடைக் கழற்றிப் பார்த்தார்கள், தேய்மானமே தெரியவில்லை. இன்ஜின் ஆயில் மாற்றும் வேலையும் கிடையாது. பெட்ரோல் காருக்குத் திரும்பும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை.

ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும் என்ற ரேஞ்ச் விஷயத்தில் எல்லோரையும் போல எனக்கும் ஏமாற்றம் இருந்தது, இப்போது பழகிவிட்டது. விளம்பரத்தில் 420 கிலோமீட்டர் என்றார்கள். நெடுஞ்சாலையில் 110இல் ஓட்டினால் 310 கிடைக்கிறது. அந்த 420 டபிள்யூஎல்டிபி என்ற ஆய்வகச் சோதனையில் வந்த எண். அந்தச் சோதனையின் சராசரி வேகமே மணிக்கு 46 கிலோமீட்டர் சொச்சம்தான், அதுவும் 23 டிகிரி வெப்பநிலையில். காற்றின் எதிர்ப்போ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். ஆக 110இல் அந்த எண் வர வாய்ப்பே இல்லை. அம்மா வீடு 310 கிலோமீட்டர் என்பதால் வழியில் ஒரு இடத்தில் சார்ஜ் போடுகிறேன், 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு மேல் பேட்டரியைக் காப்பதற்காகக் கார் சார்ஜ் ஏறும் வேகத்தை வெகுவாகக் குறைத்துவிடும், கடைசி 20க்காக நிற்பது நேர விரயம். இதையெல்லாம் விற்பவரே வாங்கும் நாளில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம்.

11ஆவது மாதத்தில், கதவுப் பூட்டு, திரை போன்றவற்றுக்குக் கரண்ட் கொடுக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்துப்போனது. காலையில் கதவே திறக்கவில்லை. பெரிய பேட்டரியில் 70 சதவீதம் சார்ஜ் இருந்தும் பயனில்லை, ஏனென்றால் அதை மோட்டாரோடு இணைக்கும் ரிலே என்ற சுவிட்சுகளை இயக்க அந்தச் சின்ன பேட்டரியின் கரண்ட் வேண்டும். பலவீனமாகிறது என்று இரண்டு வாரம் முன்பே திரையில் ஒரு வரி காட்டியிருந்தால் போதும், நானே போய் மாற்றியிருப்பேன். எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களை அவ்வப்போது இதைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அசிஸ்ட் ஓடும்போது டிரைவரின் கை ஸ்டீயரிங்கில் இருக்க வேண்டும். ஐ.நா.வின் 79ஆம் எண் விதிப்படி கை இல்லை என்றால் 15 நொடிக்குள் திரையில் எச்சரிக்கை, 30 நொடிக்குள் சத்தம், அப்புறம் அசிஸ்ட் அணைய வேண்டும். இந்த விதியோடு எனக்குச் சண்டை இல்லை. வாகனப் பொறியாளர்கள் அமைப்பான எஸ்ஏஇயின் வகைப்பாட்டில் இது இரண்டாம் நிலை, அதாவது பொறுப்பு முழுக்க டிரைவருடையது. ஷோரூமில் ‘தானே ஓட்டும் சார்’ என்றார்கள், அது தவறான பேச்சு. என் குறை, என் கை இருக்கிறதா என்று இந்தக் கார் பார்க்கும் விதத்தைப் பற்றியது.

கை ஸ்டீயரிங்கைத் தொடுகிறதா என்பது இந்தக் காருக்குத் தெரியாது. தண்டில் இருக்கும் சென்சார் ஸ்டீயரிங் முறுக்கப்படுகிறதா என்பதை மட்டும் அளக்கிறது. இரண்டு கையையும் இரண்டு பக்கமும் சமமாக, ஓட்டுநர் பள்ளியில் சொல்லிக் கொடுத்தபடி வைத்தால் ஒரு கையின் எடையை இன்னொரு கை சமன் செய்துவிடும். முறுக்கு பூஜ்யம். நேரான சாலையில் நான் எவ்வளவு ஒழுங்காகப் பிடிக்கிறேனோ, அந்த அளவுக்கு நான் இல்லை என்று கார் நினைக்கிறது. அதே சமயம் ஒரு கையைச் சோம்பலாகக் கீழே தொங்கவிட்டால் அந்த எடையே போதும், கார் ஒன்றும் கேட்காது. இதைத் தெரிந்துகொண்டுதான் சிலர் ஸ்டீயரிங்கில் எடையை மாட்டிவிட்டு ஓட்டுகிறார்கள். அப்படி மாட்டுவதற்கென்றே விற்ற ஒரு பொருளை 2018இல் அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்புத் துறையான என்எச்டிஎஸ்ஏ நிறுத்தச் சொன்னது. கவனமில்லாதவரை விட்டுவிட்டு, கவனமாக இருப்பவரைக் கேள்வி கேட்கிற சென்சார் இது.

நான் இருக்கிறேன் என்று காட்ட 15 நொடிக்கு ஒருமுறை ஸ்டீயரிங்கை லேசாக ஒரு பக்கம் தள்ள வேண்டியிருக்கிறது. கொஞ்சம் குறைவாகத் தள்ளினால் கணக்கில் வராது. கொஞ்சம் அதிகமானால் நான் திருப்புகிறேன் என்று நினைத்து அசிஸ்ட் அணைந்துவிடும், அது அணையும் நொடியில் கார் லேனுக்குள் ஒரு அசைவு அசையும். முதல் நீண்ட பயணத்தில் என் மனைவி, “ஏங்க, எதுக்கு ஸ்டீயரிங்கை ஆட்டிக்கிட்டே வர்றீங்க? தூக்கம் வருதா?” என்று கேட்டாள். விளக்கிச் சொன்னேன். அவளுக்கு அது பயமாகவே இருந்தது. எந்தத் தோளைக் காப்பாற்ற இதை வாங்கினேனோ, அந்தத் தோளால்தான் ஒரு மணி நேரத்தில் 200 தடவைக்கு மேல் தள்ளுகிறேன். தோல் உறைக்கு அடியில் தொடு உணர் பட்டை வைத்த ஸ்டீயரிங்குகள் சந்தையில் உண்டு. விரல் பட்டாலே போதும், அவை கண்டுகொள்ளும். வாங்கும்போது இதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்பதாவது மாதத்தில் ஒரு அப்டேட் வந்தது. குறிப்பில் ‘செயல்திறன் மேம்பாடுகள்’ என்று இரண்டே சொல். அடுத்த நாளிலிருந்து, அதுவரை சும்மா இருந்த கேமரா என் கண்ணைப் பார்க்கத் தொடங்கியது. அது ஸ்டீயரிங் தண்டின் மேல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை முகத்தில் பாய்ச்சி, விழி எங்கே திரும்புகிறது என்று கவனிக்கிறது. யோசனை நல்லது, முறுக்கை அளப்பதைவிட எத்தனையோ மேல். ஆனால் நான் போடுவது தடித்த பிரேம் உள்ள புரொகிரஸிவ் கண்ணாடி, கிட்டத்துக்கும் தூரத்துக்கும் ஒன்றே. கீழிருந்து பார்க்கும் கேமராவுக்கு பிரேமின் அடிவிளிம்பு சரியாக என் விழிக்குக் குறுக்கே வருகிறது. வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்கை மறைக்கிறது. அப்போதெல்லாம் ‘சாலையைப் பார்க்கவும்’. நான் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஏசியைக் கூட்டிக் குறைக்க இந்தக் காரில் பொத்தான் கிடையாது. திரையில் மூன்று தடவை தொட வேண்டும், பார்க்காமல் தொட முடியாது. பார்த்தால் கேமரா அதைக் கவனச்சிதறல் என்று எழுதிக்கொள்ளும். ஐரோப்பிய விதியில் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகும்போது மூன்றரை நொடி கண் விலகினால் எச்சரிக்க வேண்டும். நியாயமான அளவு அது. மூன்றரை நொடிக்குள் முடிக்க முடியாத வேலையைத் திரைக்குள் வைத்ததுதான் தவறு. கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் போடும் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், அபாய விளக்கு போன்றவற்றுக்குத் திரைக்கு வெளியே தனிப் பொத்தானோ பிடியோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்கிறது. அந்தப் பட்டியலில் ஏசியையும் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

மூன்று எச்சரிக்கை வந்துவிட்டால் அந்தப் பயணம் முடியும்வரை அசிஸ்ட் பூட்டிக்கொள்ளும். எனக்கு அது நடந்தது ஒரு இரவு, வீட்டுக்கு இன்னும் 90 கிலோமீட்டர் இருக்கும்போது. மருத்துவரிடம் காட்ட அம்மாவை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துகொண்டிருந்தேன். பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது எச்சரிக்கைச் சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்து, “என்னப்பா, எங்கயாவது இடிச்சிட்டியா?” என்றார். திரை முழுக்கச் சிவப்பு. நிறுத்தி, அணைத்து, கதவைத் திறந்து மூடினால் பூட்டு விலகும் என்று தெரியும். அந்த இருட்டில், ஓரம் இல்லாத சாலையில், அம்மாவை வைத்துக்கொண்டு எங்கே நிறுத்துவது? 90 கிலோமீட்டரும் கையால் ஓட்டினேன். மறுநாள் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை.

சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு எரர் கோட் எதுவும் இல்லை என்றார்கள். அங்கிருந்த இளைஞர், “சார், கண்ணாடியைக் கழட்டிட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்களேன்” என்றார். கண்ணாடி இல்லாமல் எனக்கு பத்தடிக்கு அப்பால் எழுத்து தெரியாது. கோபமே வந்தது. ஆனால் அங்கேயே வயதான மெக்கானிக் ஒருவர் வந்து டிரைவர் சீட்டின் பக்கத்தில் குனிந்து, என் முகத்தையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தார். சீட்டை ஒரு படி இறக்கி, ஸ்டீயரிங்கை இரண்டு விரற்கடை மேலே ஏற்றி, “இப்ப பாருங்க தம்பி” என்றார். கேமரா உயர்ந்ததும் பிரேமின் விளிம்பு குறுக்கே வரவில்லை. எச்சரிக்கை பாதிக்கு மேல் குறைந்தது. ஓட்டும் வாட்டம் முன்பைவிட மோசம்தான், ஆனாலும் அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

கார் காரணமில்லாமல் தானே பிரேக் போட்டது இதுவரை ஆறு முறை. நான்கு முறை மேம்பாலத்தின் நிழலில், இரண்டு முறை வளைவில் பக்கத்து லேன் லாரியைப் பார்த்து. பின்னால் வண்டி நெருங்கி வரும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயம். அதனால் மேம்பாலம் தெரிந்தால் ஆக்சிலேட்டரில் காலை வைத்துக்கொள்கிறேன், லேசாக அழுத்தினால் பிரேக் போடுவதை விட்டுவிடுகிறது. அவசர பிரேக்கை மட்டும் ஒருநாளும் நான் அணைப்பதில்லை. ஒரு மழை நாளில் முன்னால் போன வேன் சட்டென்று நின்றபோது என் காலுக்கு முன்னால் அது பிரேக் போட்டது. அன்று அது இல்லை என்றால் இடித்திருப்பேன்.

வேக எச்சரிக்கை சர்வீஸ் சாலைப் பலகையைப் படித்துவிட்டு நெடுஞ்சாலையில் ‘30’ என்று அலறுகிறது. அணைத்தாலும் அடுத்த முறை காரைக் கிளப்பும்போது திரும்ப வந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதுக் காரிலும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஸ்டீயரிங்கில் ஒரு பொத்தானை நீளமாக அழுத்தினால் அணையும்படி கம்பெனி பிறகு மாற்றியது. அதற்கு நன்றி.

கட்டுப்பாட்டைத் தளர்த்துங்கள் என்று நான் கேட்கவில்லை. 2023 டிசம்பரில் டெஸ்லா அமெரிக்காவில் ஏறக்குறைய 20 லட்சம் கார்களுக்கு தன் டிரைவர் அசிஸ்டான ஆட்டோபைலட்டின் எச்சரிக்கைகளைக் கூட்டி அப்டேட் அனுப்பியது, அது ரீகால், அதாவது குறையைச் சரிசெய்யும் திரும்ப அழைப்பு, என்று பதிவாகி, காரணமும் பொதுவில் இருந்தது. எனக்கு வந்த அப்டேட்டில் இரண்டு சொல். நான் பணம் கொடுத்து வாங்கிய ஒரு வசதி எப்போது அணையும், எப்போது பூட்டும் என்ற விதி ஒரே இரவில் மாறியது, என்னிடம் யாரும் சொல்லவில்லை. எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய குறை.

காருக்கு ஐந்தில் நான்கரை கொடுப்பேன். அசிஸ்டுக்கு இரண்டு. வாங்கப் போகிறவர்கள் டெஸ்ட் டிரைவை பத்து நிமிடத்தில் முடிக்காதீர்கள். தினமும் போடும் கண்ணாடியோடு, இருட்டிய பிறகு, ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு கையையும் சமமாக வைத்து, எத்தனை நொடியில் கேட்கிறது என்று எண்ணுங்கள். ஓடும்போது ஏசியை ஒருமுறை மாற்றிப் பாருங்கள். ஸ்டீயரிங்கில் தொடு உணர் பட்டை உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நேற்று திரையில் அடுத்த அப்டேட் தயார் என்று வந்தது. குறிப்பில் மறுபடியும் அதே இரண்டு சொல். சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், வந்த பிறகு போட்டுக்கொள்கிறேன்.