மும்பையில் ஊமைப்பட கால நடன விருந்து: ஒரு விழா ஏற்பாட்டுச் சேவை பற்றிய மதிப்புரை

மாதுங்காவில் இயங்கும் எங்கள் திரைப்பட ரசிகர் குழுவின் ஆண்டு விழாவை, அமெரிக்க ஊமைப்படத் துறையினர் நடத்திய நடன விருந்துகளின் பாணியில் அமைத்துத் தர மும்பையைச் சேர்ந்த ஒரு விழா ஏற்பாட்டு நிறுவனம் முன்வந்தது. தலைக்கு 2,800 ரூபாய்க் கட்டணத்தில் வாடகை ஆடை, இசை, இரவு உணவு மூன்றும் அடங்கும்.

ஆடைகளில் குறை சொல்ல இடமில்லை. இடைக்கோடு தாழ்ந்து மணி வேலைப்பாடு நிறைந்த 1920களின் கவுன்களை அவரவர் அளவுக்குத் திருத்தியே கொடுத்தார்கள். புடவையிலேயே வர விரும்பிய மூத்த பெண்களுக்குக் கொடுத்த தலைப்பட்டையும் நீண்ட முத்துமாலையும் பட்டுப்புடவையோடு மிக அழகாகப் பொருந்தின. இசை அப்படியில்லை. அக்கால நடன இசையான ஃபாக்ஸ்டிராட்டும் சார்ல்ஸ்டனும் ஒலிக்க வேண்டிய இடத்தில், ஊமைப்படங்கள் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின் வந்த 1940களின் ஸ்விங் இசையே பாதி நேரம் ஒலித்தது.

இதைவிடப் பெரிய குறை, இந்த விருந்துகள் எதற்காக நடந்தன என்பதை நிறுவனத்தார் உள்வாங்கிக்கொள்ளாததுதான். தொடக்க காலப் படங்களில் நடித்தவர்களின் பெயர்களைப் படநிறுவனங்கள் வெளியிடுவதில்லை. பயோகிராஃப் நிறுவனத்தின் படங்களில் நடித்த ஃபுளோரன்ஸ் லாரன்ஸையே மக்கள் ‘பயோகிராஃப் பெண்’ என்றுதான் அறிந்திருந்தார்கள். 1910இல் படத் தயாரிப்பாளர் கார்ல் லெம்லிதான் அவருடைய பெயரை முன்னிறுத்தி விளம்பரம் செய்தார். 1912இல் நடிகர் கிங் பாகட் தலைமையில் நியூயார்க்கில் தொடங்கிய, திரைத்துறையினரின் சங்கமான ஸ்கிரீன் கிளப் நடன விருந்துகளை நடத்தியபோது, வெள்ளித்திரையில் மட்டுமே கண்ட முகங்களை நேரில் பார்க்க முடிந்ததே அவற்றின் கவர்ச்சியாக இருந்தது. ஹாலிவுட்டின் விளம்பரப் பணியாளர்கள் அமைத்த வாம்பாஸ் சங்கம் 1922 முதல் பெரும்பாலான ஆண்டுகளில் பதின்மூன்று இளம் நடிகைகளைத் தேர்ந்து, ‘ஃபிராலிக்’ என்ற கோலாகல விருந்தில் அறிமுகப்படுத்தியது. 1924இல் கிளாரா போவும், 1926இல் மேரி ஆஸ்டர், ஜோன் கிராஃபோர்ட், ஜேனட் கேனர் ஆகியோரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்; இவர்களுள் ஜேனட் கேனர்தான் 1929இல் சிறந்த நடிகைக்கான முதல் ஆஸ்கரைப் பெற்றவர். நடனமும் விருந்தும் இந்த அறிமுகத்துக்காகப் போட்ட பந்தல்தான்.

எங்கள் விழாவிலோ அறிமுக அணிவகுப்பை உணவுக்குப் பின் வைத்தார்கள். அதற்குள் தொலைவில் குடியிருப்பவர்கள் பலர் ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். கிளாரா போவாக வேடமிட்டு, பல நாள் பயிற்சி செய்து வந்திருந்த கல்லூரி மாணவியைக் காலி நாற்காலிகளுக்கு முன்னால் நடக்கவிட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. பம்பாயின் சொந்த ஊமைப்பட நட்சத்திரமும் தொலைபேசி நிலையப் பணியிலிருந்து திரைக்கு வந்தவருமான சுலோசனாவின் புகைப்படம் ஒன்றுகூட அரங்கில் இல்லை. இந்த ஊரில் நடக்கும் விழாவுக்கு அவரிடமிருந்தே தொடங்கியிருக்கலாம்.

உணவு சைவம், சுவை சுமார். நிறுவனத்தின் ஊழியர்கள் பண்பானவர்கள். சொன்னதைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். ஆடைகளுக்காகவே இவர்களை மீண்டும் அழைக்கலாம் என்றாலும், முன்பணம் கொடுக்கும் முன்பே பாடல் பட்டியலையும் நிகழ்ச்சி நிரலையும் எழுத்தில் வாங்கி, அணிவகுப்பு உணவுக்கு முன்பே நடக்கும் என்பதை அதில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.