எட்ரிப்போர்ட்ஸ்: பச்சை விழுந்தால் வாங்கிவிடலாமா?

அமெரிக்காவில் ஒரு தொடக்கப் பள்ளிக் குழந்தை எந்தக் கணக்குப் புத்தகத்தைப் பிரிக்கும் என்பதை வாஷிங்டன் முடிவு செய்வதில்லை. கலிபோர்னியா மாதிரி சில மாநிலங்கள் பட்டியல் கொடுக்கும். ஆனால் வாங்கும் முடிவு, பள்ளி மாவட்டம் என்கிற உள்ளூர்ப் பள்ளி நிர்வாகத்தின் போர்டு கையில்தான். ஒருமுறை வாங்கினால் ஆறேழு வருடம் அதோடுதான் காலம் தள்ள வேண்டும். அதனால் தேர்வுக் குழு கூடியதும் பெரும்பாலும் முதலில் திறப்பது எட்ரிப்போர்ட்ஸ் தளத்தை. 2015இல் பாடநூல் தொகுப்புகளின் மதிப்பீடுகளை வெளியிடத் தொடங்கிய லாபநோக்கற்ற அமைப்பு இது. ஆசிரியப் பணி அனுபவம் உள்ளவர்கள் குழுவாக உட்கார்ந்து தொகுப்பைப் பக்கம் பக்கமாகப் படித்து மதிப்பெண் போடுகிறார்கள். அறிக்கை முழுவதும் இலவசம்.

மதிப்பீட்டுக்கு மூன்று வாசல்கள். முதல் வாசலில், அந்த வகுப்புக்குரிய பாடத்தில் தொகுப்பு கவனம் வைக்கிறதா, பாடங்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். வெகுகாலம் புழங்கிய மதிப்பெண் கட்டத்தில் இதற்கு 14. பச்சை, அதாவது தேர்ச்சி நிறம், வாங்க 12 வேண்டும். இரண்டாவது வாசலுக்கு 18. கருத்துப் புரிதல், செய்முறைத் திறன் (கணக்கைத் தடுமாறாமல் சரியாகப் போடுவது), பயன்பாடு மூன்றும் சமமாக இருக்கின்றனவா என்பது இங்கே. இவை இரண்டையும் தாண்டினால்தான் ஆசிரியர் கையேடு, தேர்வுகள் போன்றவற்றைப் பார்க்கும் மூன்றாவது வாசல். பொருந்தினால் பச்சை, ஓரளவு பொருந்தினால் மஞ்சள், பொருந்தாவிட்டால் சிவப்பு என்று நிறம் விழும்.

சல்லடையாக இது அருமையான கருவி. அட்டையில் மட்டும் 'காமன் கோர்' (எந்த வகுப்பில் எதைக் கற்க வேண்டும் என்று பல மாநிலங்கள் ஏற்ற பாடத்தர நெறிகள்) முத்திரை குத்திய பழைய புத்தகங்களை அம்பலப்படுத்தியதே இதன் பெரிய சாதனை. வகுப்பு நேரத்தில் குறைந்தது 65 சதவீதமாவது அந்த ஆண்டின் முக்கியப் பாடத்துக்குப் போகிறதா என்று எண்ணிப் பார்க்கிற பொறுமை எந்த மாவட்டக் குழுவுக்கும் இருக்காது. இவர்கள் எண்ணிக் கொடுக்கிறார்கள்.

கோளாறு எங்கே வருகிறது என்றால், அந்தப் பச்சையைக் 'குழந்தைகள் நன்றாகக் கற்பார்கள்' என்று குழு படித்துவிடுவதில். அறிக்கை சோதிப்பது பாடத்தர நெறிகளோடு பொருத்தத்தை மட்டும்தான். பிள்ளைகளின் தேர்வு முடிவு அதில் ஓரிடத்திலும் இல்லை. அதற்குத் தேடவேண்டிய இடம் வேறு: எந்தக் கற்பித்தல் முறை பலன் தருகிறது என்ற ஆய்வுகளை எடைபோட்டுத் தொகுக்க 2002இல் மத்தியக் கல்வித் துறை தொடங்கிய வாட் வொர்க்ஸ் கிளியரிங்ஹவுஸ். அதே துறைக்காக நடந்த ஒரு சோதனையில் பள்ளிகளுக்குக் குலுக்கல் முறையில் நான்கு கணக்குத் தொகுப்புகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். 2009இல் வந்த முதல் வகுப்பு முடிவில் மேத் எக்ஸ்பிரஷன்ஸும் சாக்ஸனும் மற்ற இரண்டை முந்தின. காமன் கோருக்கு முந்தைய பதிப்புகள் அவை, அதனால் இன்றைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் கேட்கவேண்டிய கேள்வி அந்த மாதிரியானது.

ஒரு உதாரணம். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஓரிலக்க எண்களின் பெருக்கல் அத்தனையும் மனப்பாடமாக இருக்க வேண்டும் என்பது நெறி. அறிக்கையில் செய்முறைத் திறன் என்ற வரியைத் திறந்தால் 2க்கு 2 என்றும், சான்றாகச் சில பாட எண்களும் இருக்கும். எத்தனை தடவை பயிற்சி என்பது அந்த மதிப்பெண்ணில் தெரியாது. மாணவர் பயிற்சி ஏட்டை எடுத்து 7×8 வருடம் முழுக்க எத்தனை இடத்தில் வருகிறது, எத்தனை வாரம் விட்டுத் திரும்ப வருகிறது என்று பென்சிலால் குறியுங்கள். ஒரே அலகில் குவிந்து, பிறகு காணாமல் போயிருந்தால், பிள்ளைகள் நான்காம் வகுப்பில் பெரிய எண்களை வகுக்கும்போது தடுக்கி விழுவார்கள். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை இது. நிறம் சொல்லாததைச் சொல்லிவிடும்.

அறிக்கையைப் படிக்கும்போது முதலில் பதிப்பாண்டைப் பாருங்கள். விற்பனையாளர் கையில் இருப்பது 2024 பதிப்பு, அறிக்கை அதற்கு முந்தைய பதிப்புக்கு என்றால் அந்த நிறம் செல்லாது. தொகுப்பின் மொத்த நிறத்தை விட்டுவிட்டு வகுப்புவாரியாகப் படியுங்கள். இரண்டாம் வகுப்பில் பச்சையும் ஐந்தாம் வகுப்பில் மஞ்சளும் விழுவதுண்டு. பதிப்பாளரின் மறுப்புரை இருந்தால் அதையும் விடக்கூடாது. மஞ்சள் ஏன் விழுந்தது என்று தோண்டினால், சில சமயம் மேல்வகுப்புக் கேள்விகள் நாலைந்து தேர்வில் நுழைந்தது மட்டும்தான் காரணமாக இருக்கும். நீக்கிவிட்டால் தீர்ந்தது.

பள்ளியின் நேரத்தையும் இந்த நிறங்கள் அறியாது. தினம் 60 நிமிடம் கணக்கு நடக்கும் பள்ளியில் 80 நிமிடப் பாடத்தை வைத்தால், ஆசிரியர் வெட்டுவது கடைசியில் இருக்கும் பயிற்சியைத்தான். ஆகவே வெள்ளோட்டம் விடுங்கள்: நான்காம் வகுப்புப் பின்ன அலகு போலக் கடினமான ஒன்றை முழுசாக, ஆர்வமாக முன்வந்தவர்களிடம் மட்டும் இல்லாமல் சராசரி ஆசிரியர்களிடமும் கொடுத்து. ஆறு மாநிலங்களில் 4, 5ஆம் வகுப்புகளை ஆராய்ந்து ஹார்வர்டு பல்கலைக்கழகக் கல்வி ஆய்வு மையம் 2019இல் வெளியிட்ட ஆய்வில் பாடநூலுக்குப் பாடநூல் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. அதனால் புத்தகத்தோடு ஆசிரியர் பயிற்சியையும் கணக்கில் வையுங்கள். பட்ஜெட் போடும்போது ஆண்டுதோறும் வாங்கவேண்டிய பயிற்சி ஏட்டுச் செலவோடு, ஆசிரியர் பயிற்சி நாட்களுக்கான மாற்று ஆசிரியர் சம்பளத்தையும் அதே வரியில் எழுதிவிடுங்கள். முதல் வருடத்தோடு பயிற்சியை நிறுத்துகிற மாவட்டத்தில், மூன்றாம் வருடம் புதிதாகச் சேரும் ஆசிரியர் கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போவார்.