குதிரைமசால் விதையை வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்

மலையில் குதிரைமசால் (லூசர்ன் என்ற மாட்டுத் தீவனப் பயிர்) போட நினைப்பவர்கள், அதிலும் விதைக்கு விட நினைப்பவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. என் கையில் பில் இல்லை. அந்தக் கதையும் வருகிறது.

கொடைக்கானல் மலையில் மன்னவனூர் பக்கம் நான்கு கறவை மாடு வைத்திருக்கிறேன். போன ஆடியில் கீழே இறங்கி இரண்டு கிலோ விதை வாங்கினேன். ஹெக்டேருக்கு 20 கிலோ என்பது கணக்கு. என் 20 சென்ட்டுக்கு ஒன்றே முக்கால் கிலோ தாராளம், மீதி முளைக்காத இடத்தில் தூவ. சாக்கிலிருந்து அள்ளி பாலிதீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார் கடைக்காரர். சான்று அட்டை எங்கே என்று கேட்டேன்.

"அட்டை போட்டது கிலோவுக்கு 200 கூட வரும்ணே. ரெண்டும் ஒரே விதைதான்."

அப்புறம் அவரே ஒரு ஆசையும் காட்டினார். "நாலு அறுப்பு எடுத்துட்டு விதைக்கு விடுங்க. கிலோ 500-க்கு நானே எடுத்துக்கிறேன்." அங்கேதான் விழுந்தேன். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். அதையும் பஸ் டிக்கெட்டோடு சேர்த்துத் தொலைத்துவிட்டேன்.

எங்கள் மண் அமில மண், குதிரைமசாலுக்கு ஆகாது. சுண்ணாம்பு போட்டுப் பதப்படுத்தித்தான் விதைத்தேன். நன்றாகவே வந்தது. ஐப்பசியில் பனி விலகிய ஒரு காலையில் மூன்று நான்கு செடிகள் மேல் மஞ்சள் நூல் கிடந்தது. வேகவைத்த சேமியா மாதிரி வழவழப்பு. இலை இல்லை, வேரைத் தேடினால் அதுவும் இல்லை. யாரோ நூலைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். அம்மாதான் பார்த்த உடனே சொன்னாள். "அம்மையார் கூந்தல்டா இது. எங்க ஊர்ல வேலி மேல கிடக்கும். இங்க எப்படி ஏறுச்சு?"

ஏறியது என் பையில்தான். கஸ்குட்டா என்று புத்தகத்தில் எழுதுவார்கள். முளைத்த நூலுக்குச் சொந்தமாகச் சோறு ஆக்கத் தெரியாது. சில நாளுக்குள் ஒரு செடியைத் தொட்டுச் சுற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் செத்துவிடும். சுற்றிக்கொண்டால் தண்டுக்குள் உறிஞ்சுகுழாய் இறக்கிவிட்டு, அடியில் இருந்த வேரைக் காயவிட்டுவிடும். அதனால்தான் வேர் கிடைக்கவில்லை. அன்றைக்கே அந்த நான்கு செடிகளையும் நூலோடு தரையோடு அறுத்து எரித்திருந்தால் கதை முடிந்திருக்கும். நானோ நூலை மட்டும் இழுத்துப் பிய்த்துப் போட்டேன். செடியில் ஒட்டிக்கொண்ட துண்டு போதும், அதிலிருந்து மறுபடி ஓடும். அடுத்த அறுப்பில் அரிவாளே அதை இழுத்துக்கொண்டு போய் பாத்தி பாத்தியாகப் பரப்பியது. தை மாதத்தில் கட்டில் அகலத்துக்கு ஆறு இடத்தில் மஞ்சள் திட்டு.

அதே கடைக்கே போய் நின்றேன், என் புத்தி அப்படி. மருந்து ஒன்றைக் கொடுத்தார். கையில் பட்டால் மஞ்சளாகக் கறை பிடிக்கும், பெண்டிமெத்தலின். "மூணு நாள்ல கருகிடும்ணே." அடித்தேன். ஒரு வாரமாகியும் நூல் அப்படியே பளபளவென்று இருந்தது. பிறகுதான் பாட்டிலோடு வந்த தாளை விரித்துப் படித்தேன். களை முளைப்பதற்கு முன் மண்ணில் தெளிக்க வேண்டிய மருந்து அது. செடியின் கழுத்தைச் சுற்றிவிட்ட பிறகு அதனால் ஒன்றும் ஆகாது. வாய்ச்சொல்லை நம்பியதற்குப் பாட்டில் விலையும் தண்டம்.

மாசியில் பூ வந்தபோது அசுவினிப் பூச்சி தெரிகிறது என்று கடைக்காரரிடம் போனில் சொன்னேன். உடனே பூச்சிமருந்து அடிக்கச் சொன்னார். நல்லவேளை, அதை மட்டும் கேட்கவில்லை. குதிரைமசால் பூவைத் தேனீ வந்து அழுத்தித் திறந்தால்தான் காய் பிடிக்கும். பூவில் மருந்து அடித்தால் விதையையே மறந்துவிட வேண்டியதுதான்.

சித்திரையில் அடித்துத் தூற்றி, தேறியதை மூட்டையாகக் கட்டிக்கொண்டு அதே கடைக்கு இறங்கினேன். ஒரு வருடக் கதையில் மறக்க முடியாதது அடுத்த இரண்டு நிமிடம்தான். கடைக்காரர் மேசையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்தார். ஒரு கைப்பிடி கொட்டினார். ஆள்காட்டி விரலால் மெல்லப் பரப்பினார். மசால் விதை பச்சை கலந்த மஞ்சள், சிறுநீரக வடிவம், வழவழப்பு. அதற்கு நடுவே அதில் பாதி அளவில், உருண்டையாய், சாம்பல் கலந்த பழுப்பாய், மினுப்பே இல்லாமல் சொரசொரவென்று சில மணிகள். நகத்தால் அவற்றைத் தனியே ஒதுக்கினார்.

"கஸ்குட்டா இருக்கேண்ணே. இதை எவன் வாங்குவான்?"

விற்கும்போது விரியாத தாள் வாங்கும்போது விரிந்தது. "உங்ககிட்ட வாங்கின விதைதானே?" என்றேன். "பில் இருக்கா?" என்றார்.

நான் செய்யாததை நீங்கள் செய்யுங்கள். நீல அட்டை இருந்தால் சான்று விதை, பச்சை என்றால் உண்மைநிலை விதை, அதாவது தரத்துக்கு விற்பவரே பொறுப்பேற்றுக் கொடுப்பது. இரண்டுமே இல்லாத சாக்கு விதையைத் தொடாதீர்கள். அட்டையில் குவியல் எண்ணும் (லாட் நம்பர்) காலாவதித் தேதியும் பாருங்கள். பில்லில் அந்த எண்ணை எழுதி வாங்குங்கள். விதைச் சட்டம் 1966-லிருந்து இருக்கிறது, புகாரைக் கேட்க விதை ஆய்வாளர் இருக்கிறார். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் பில்லைத்தான் கேட்பார்கள். வீட்டில் சலித்துச் சுத்தம் செய்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். கஸ்குட்டாவில் பொடி மணி கீழே விழும், பெரிய மணி மசாலோடு மேலேயே நின்றுவிடும். இந்தச் சொரசொரப்பு மணிகளைப் பிரிக்கவே வெல்வெட் உருளை வைத்த இயந்திரம் இருக்கிறது. அது நம் வீட்டில் இல்லை.

அந்த 20 சென்ட்டை உழுது மக்காச்சோளம் போட்டிருக்கிறேன், இனி பல வருடம் புல் வகைதான். புல் மேல் இது ஏறாது. மண்ணுக்குள் விதை பத்து வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்குமாம்.

மிச்சம் இருக்கும் கவலை சாணி. நூல் படர்ந்த தீவனத்தைக் காய் பிடித்த பிறகும் மாட்டுக்குப் போட்டிருக்கிறேன். மாட்டு வயிற்றுக்குள் போய் வந்தாலும் அந்த விதை சாகாது என்று பிறகுதான் தெரிந்தது. அந்தச் சாணி சரியாக மக்குமுன்பே கேரட் பாத்திக்குப் போய்விட்டது. போன வாரம் அங்கே இரண்டு நூல் பார்த்தேன். கேரட்டோடு பிடுங்கி எரித்தாயிற்று. இப்போது தினமும் காலையில் பால் கறந்ததும் முதல் வேலை அந்தப் பாத்தியைக் குனிந்து பார்ப்பதுதான்.