பீப்பாயா, பெட்டியா, பாட்டிலா? வீட்டுக்கு வாங்கும் காஸ்க் ஏலும் சைடரும்

பப்பில் கைப்பம்பை இழுத்து ஊற்றித் தருகிறார்களே, அந்த ஏல் என்ற பீர் வகையை வீட்டில் வைத்துக் குடிக்க முடியுமா என்று இங்கே பர்மிங்காமில் நண்பர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முடியும். முழுப் பீப்பாய், பாலிபின் பெட்டி, 5 லிட்டர் டின், பப்பிலிருந்து ஜாடியில் பிடித்து வருவது, பாட்டில் என்று வழிகள் பல. எது நல்லது என்று கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: எத்தனை பேர் குடிக்கப் போகிறீர்கள், எத்தனை நாளில் முடிப்பீர்கள்? விலை, பிராண்ட் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

காரணம், காஸ்க் ஏல், அதாவது பீப்பாய் ஏல், உயிரோடு இருக்கும் பானம். வடிகட்டாமல், சூடாக்காமல், ஈஸ்டோடு சேர்த்தே பீப்பாயில் அடைக்கிறார்கள். உள்ளே அது இன்னொரு முறை நொதிக்கிறது. அப்போது பிறக்கும் கரியமில வாயுதான் அதன் துடிப்பு. வெளியிலிருந்து வாயு ஏற்றுவதில்லை. ஒவ்வொரு கிளாஸ் இறக்கும்போதும் காலியான இடத்துக்குள் காற்று போகிறது. முதல் நாள் அந்தக் காற்றில் ருசி மலர்கிறது. மூன்று நாள் தாண்டினால் அதே காற்று ஏலைச் சோரவைத்துப் புளிக்கவிடுகிறது. இட்லி மாவு அரைத்து வைக்கும் வீட்டில் இதை விளக்கத் தேவையில்லை. உயிரைக் கொன்று வாயு ஏற்றிய கெக் பீர்தான் இனி எல்லாம் என்று பெரிய ப்ரூவரிகள் போய்க்கொண்டிருந்த காலத்தில், 1971-இல், காம்ரா இயக்கம் கிளம்பியது இந்தப் பானத்தைக் காப்பாற்றத்தான்.

முழுப் பீப்பாயிலிருந்து தொடங்குகிறேன், என் மனம் இருப்பது அங்கேதான். வீட்டுக்குக் கிடைக்கக்கூடிய அளவுகள் இரண்டு. ‘பின்’ என்பது 36 பைன்ட், 20 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. ‘ஃபெர்கின்’ அதில் இரு மடங்கு, 72 பைன்ட். நிரம்பிய ஃபெர்கின் 50 கிலோ தாண்டும். கல்யாணம், பெரிய பிறந்தநாள் என்றால் தவிர வீட்டுக்கு வேண்டாம். பின் போதும். ஆனால் பின் என்றாலும் வேலை இருக்கிறது. விருந்துக்கு இரண்டு நாள் முன்பே கொண்டுவந்து, படுக்கவைத்து, உருளாமல் இரண்டு பக்கமும் ஆப்பு வைத்துவிட வேண்டும். மேல்பக்கத்து மூடிக்கு ஷைவ் என்று பெயர். அதன் நடுவில் ஸ்பைல் என்ற சின்ன மரக்குச்சியைத் தட்டி இறக்க வேண்டும். முதலில் மெத்தென்ற குச்சி, வாயு வெளியேற. துடிப்பு அடங்கியதும் கெட்டிக் குச்சி, மிச்ச வாயுவைப் பிடித்து வைக்க.

நான் முதல் முறை அந்தக் குச்சியைத் தட்டியது எங்கள் கராஜில். ‘உஸ்’ என்று சீறிக்கொண்டு குச்சியைச் சுற்றி வெண்ணெய் நிற நுரை கிளம்பியது. துடைத்தேன், மறுபடி வந்தது. காலையில் போய்ப் பார்த்தால் குச்சியின் தலையில் நுரை ஒரு தொப்பி போல நின்றது. மாலைக்குள் குமிழிகள் ஒவ்வொன்றாக வரும் அளவுக்கு அடங்கிவிட்டது; கெட்டிக் குச்சியை மாற்றினேன். முன்பக்கத்தில் கீஸ்டோன் என்ற அடைப்பில் குழாயை மரச்சுத்தியலால் ஒரே அடியில் இறக்க வேண்டும். தயங்கித் தயங்கி அடித்தால் தரையெல்லாம் ஏல். மறுநாள் மதியம் பிடித்த முதல் கிளாஸை ஜன்னலுக்கு நேராகத் தூக்கினேன். ஜன்னல் சட்டத்தின் கோடு கிளாஸ் வழியாக அப்படியே தெரிந்தது. அந்தத் தெளிவுக்காக இரண்டு நாள் காத்திருந்தது எனக்குக் கொஞ்சமும் வீணாகத் தோன்றவில்லை.

குளிர்ச்சி விஷயத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இந்த ஏலுக்கு ஃபிரிட்ஜின் சில்லிப்பு ஆகாது. 11 முதல் 13 டிகிரி, அதாவது நிலவறைக் குளிர்ச்சி வேண்டும். கோடையில் வீட்டில் அதை எப்படிக் கொண்டுவருவது? பீப்பாயின் மேல் ஈரத்துண்டைப் போர்த்தி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே வித்தைதான். துண்டு காயக் காய நனைக்க வேண்டும். இதற்கெல்லாம் நேரமும் இடமும் இல்லாதவர்கள் பீப்பாய் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கீத்லி ஊரில் டிமோதி டெய்லர் ப்ரூவரி செய்யும் லேண்ட்லார்ட் போன்ற துடிப்பான ஏலுக்குப் பொறுமை இன்னும் அதிகமாக வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் அதன் அருமை தெரியவே தெரியாது.

இங்கே ஒரு சைவப் பிரச்சினையும் உண்டு. அந்தப் பீப்பாயைத் திறந்த அன்று, கறி தொடாத ஓர் அண்ணா கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டு, “தம்பி, இதுல ஒண்ணும் கலக்கலையே?” என்று கேட்டார். கலந்திருந்தது. ஈஸ்ட் சீக்கிரம் அடியில் படிவதற்கு ஐசிங்கிளாஸ் என்ற பொருளைச் சேர்ப்பது இங்கே நெடுநாள் வழக்கம். அது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. நம் கடற்கரைப் பக்கம் நெட்டி என்பார்களே, அதுதான். உண்மையைச் சொன்னேன், அவர் கிளாஸை வைத்துவிட்டார். அது இல்லாமல் செய்யும் ப்ரூவரிகளும் இருக்கின்றன. பிரிஸ்டலின் மூர் அதில் பேர் போனது. அப்படிப்பட்ட ஏல் கலங்கலாக இருக்கும், அது குறையல்ல. வீட்டுக்கு வருகிறவர்களில் சைவம் இருந்தால், வாங்கும் முன் ‘அன்ஃபைன்ட்’ அல்லது ‘வீகன்’ என்று போட்டிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

பத்துப் பதினைந்து பேர் கூடும் வீட்டுக்குப் பீப்பாயை விட நான் சிபாரிசு செய்வது பாலிபின். அட்டைப்பெட்டி, உள்ளே பிளாஸ்டிக் பை, கீழே குழாய். 36 பைன்ட் பெட்டி வழக்கமானது, 18 பைன்டும் கிடைக்கும். ஏல் இறங்க இறங்கப் பை சுருங்குவதால் காற்று அதிகம் நுழையாது. இது பீப்பாயில் இல்லாத வசதி. வாங்கும்போது கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: ‘பிரைட்’டா, உயிரோடு இருப்பதா? பிரைட் என்றால் ப்ரூவரியிலேயே தெளியவைத்து, மண்டியைப் பின்னால் விட்டுவிட்டு மாற்றி ஊற்றியது. காரில் குலுங்கினாலும் கவலையில்லை, வந்ததும் குடிக்கலாம். ஆனால் காக்க ஈஸ்ட் இல்லாததால் ஆயுள் குறைவு. வாங்கிய வாரத்துக்குள், திறந்த இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிட வேண்டும். உயிரோடு இருக்கும் பெட்டி என்றால் ஒரு நாளாவது அசையாமல் வைக்க வேண்டும், பையும் உப்பும். விருந்துக்கு நான் பிரைட்டைத்தான் எடுப்பேன்.

பாலிபினை நேரில் போய் வாங்குங்கள். ஒரு ஜூலையில் கூரியரில் வரவழைத்தேன். பெட்டி ஒரு பகல் முழுக்க வேனில் வெந்து வந்திருக்கிறது, தொட்டால் வெதுவெதுப்பு. அன்று மாலை பரவாயில்லை, மறுநாள் காலை வினிகர் வாடை. 20 லிட்டர் ஏலைச் சிங்க்கில் ஊற்றியது இன்றும் வலிக்கிறது. அருகில் ப்ரூவரி இருந்தால், வெள்ளிக்கிழமைக்கு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் அன்றைக்குத் தயார் செய்து தருவார்கள். நான் வாங்கும் இடத்தில் ஒரு பைன்ட் பப் விலையில் பாதியை ஒட்டித்தான் வருகிறது. பீப்பாய்க்கு முன்பணம் கட்டி, காலியைத் திருப்பித் தர வேண்டும். பெட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.

5 லிட்டர் மினி காஸ்க், ஏறக்குறைய 9 பைன்ட். மேலே காற்றுவிட ஒரு அடைப்பு, கீழே இழுத்துத் திருப்பும் குழாய். பரிசாகக் கொடுக்க அழகானது. ஆனால் பாதி இறங்கியதும் உள்ளே பாதி காற்றுதான், பாலிபின் போலச் சுருங்காது. நாலைந்து பேர் ஒரே மாலையில் முடிப்பதாக இருந்தால் வாங்கலாம். இரண்டு பேர் ஒரு வாரம் வைத்துக் குடிக்க அல்ல.

இரண்டே பேர், ஒரே இரவு என்றால் பப் ஜாடியை மிஞ்ச எதுவும் இல்லை. வெளியே கொடுத்தனுப்ப உரிமம் இருக்கும் பப்பில் 2 பைன்ட், 4 பைன்ட் ஜாடியில் பிடித்துத் தருவார்கள். நன்றாகப் பராமரிக்கும் ஒருவர் நமக்காக அந்த இரண்டு நாள் வேலையைச் செய்து முடித்திருக்கிறார். அன்றிரவே குடித்துவிடுங்கள்.

பாட்டிலில் ஏமாறாமல் இருக்க லேபிளைப் படிக்க வேண்டும். பப்பில் பார்த்த அதே பெயர் இருப்பதால் அதே ஏல் என்று நினைத்துவிடக் கூடாது. கடையில் இருப்பதில் பெரும்பகுதி வடிகட்டி வாயு ஏற்றியது. ‘பாட்டில் கண்டிஷன்ட்’ என்று எழுதியிருந்தால்தான் உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. கார்ன்வாலின் செயின்ட் ஆஸ்டல் ப்ரூவரி செய்யும் ப்ராப்பர் ஜாப் அந்த வகை. சாராயச் சத்து பீப்பாயில் 4.5 சதவீதம், பாட்டிலில் 5.5, எனவே குடிக்கும்போதும் அது வேறு ஏல்தான். லண்டன் ஃபுல்லர்ஸ் 1997 முதல் ஆண்டுதோறும் விடும் வின்டேஜ் ஏல் 8.5 சதவீதம், அலமாரியில் சில ஆண்டு வைத்தால் உலர்திராட்சை போல ருசி கனிகிறது. இப்படிக் காத்திருக்கக்கூடிய ஏல் பாட்டிலில்தான் உண்டு. ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, கிளாஸைச் சாய்த்து, நிறுத்தாமல் ஒரே ஊற்றாக ஊற்றி, கடைசி விரலளவை மண்டியோடு பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். தனியாக, வாரத்துக்கு இரண்டு குடிப்பவருக்கு என் பதில் எப்போதும் பாட்டில்தான்.

சரி, சைடர், அதாவது ஆப்பிள் சாற்றை நொதிக்கவைத்த பானம். இங்கே கணக்கு முழுக்க மாறுகிறது. நொதித்து முடிந்த, வாயு இல்லாத பண்ணை சைடரில் புளிப்பும் துவர்ப்பும் சாராயச் சத்தும் சேர்ந்து அதைக் காக்கின்றன. பேக்-இன்-பாக்ஸில், அதாவது பாலிபின் போலப் பை வைத்த பெட்டியில், வாங்கினால் திறந்த பிறகும் பல வாரம் குணம் மாறாது. ஏலுக்கு மூன்று நாள் என்ற அவசரம் இதற்கு இல்லை. ஆகவே சைடரை வீட்டுக்கு வாங்கப் பெட்டியே போதும், வேறு எதையும் யோசிக்க வேண்டாம் என்பேன்.

எந்தச் சைடர் என்பதில்தான் கவனம் தேவை. பிரிட்டனில் 35 சதவீதம் பழச்சாறு இருந்தாலே சைடர் என்று பெயர் போடச் சட்டம் விடுகிறது. அடர்சாற்றில் தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்தது ஒரு பக்கம். இலையுதிர்காலத்தில் பிழிந்த முழுச் சாற்றைக் குளிர்காலம் முழுக்க மெல்ல நொதிக்கவிட்டது மறுபக்கம். இரண்டும் ஒரே மாதிரிப் பெட்டியில் வரும். இரண்டாவதைத் தேடிப் போங்கள். ஹெரஃபோர்ட்ஷயர், சோமர்செட் பண்ணைகளில் டாபினெட், கிங்ஸ்டன் பிளாக், ஃபாக்ஸ்வெல்ப் போன்ற சைடருக்கென்றே வளர்க்கும் ஆப்பிள்கள் உண்டு. டாபினெட்டைக் கடித்துப் பார்த்தால் பாக்கு மென்றது போல நாக்கு இழுத்துக்கொள்ளும். டானின் என்று இவர்கள் சொல்வதற்கு நம்மிடம் துவர்ப்பு என்ற நல்ல சொல் இருக்கிறது. பல பண்ணைகளில் மரப்பீப்பாயிலிருந்து இனிப்பு, நடுத்தரம், இனிப்பில்லாதது என்று சுவைக்கக் கொடுத்து, நாம் கொண்டுபோகும் கேனிலேயே பிடித்தும் தருவார்கள். அந்தக் கேனில் காற்று இருக்கும் என்பதால் சீக்கிரம் குடிக்க வேண்டும்; வைத்திருக்கப் பெட்டிதான்.

பெரிய பெயர்களில், மச் மார்க்கிள் ஊரில் 1880 முதல் இருக்கும் வெஸ்டன்ஸின் ஓல்ட் ரோஸி சுலபமாகக் கிடைக்கும், கலங்கலான ஸ்க்ரம்பி, அதாவது நாட்டுப்புறச் சைடர். முதல் பெட்டிக்குத் தாராளமாக வாங்கலாம். ஒரு எச்சரிக்கை: பண்ணை சைடர் பெரும்பாலும் 6, 7 சதவீதம். ஏலைப் போலப் பைன்ட் பைன்டாக ஊற்றாதீர்கள், அரை பைன்ட் கிளாஸை எடுத்து வையுங்கள். பேரிக்காயில் செய்யும் பெரி கண்ணில் பட்டால் அதையும் விடாதீர்கள். மே ஹில் குன்று தெரியும் தூரத்துக்குள் வளர்ந்த மரத்தின் பழம்தான் நல்ல பெரிக்கு ஆகும் என்பது அந்தப் பக்கத்துப் பழைய பேச்சு.

இந்த ஆகஸ்ட் பேங்க் ஹாலிடேக்கு எங்கள் வீட்டில் 16 பேர். ஆளுக்கு இரண்டு பைன்ட் என்று வைத்து, 36 பைன்ட் பிரைட் பாலிபின் ஒன்று வெள்ளிக்கிழமைக்குச் சொல்லியாகிவிட்டது. அந்த அண்ணாவுக்குத் தனியாக நாலு அன்ஃபைன்ட் பாட்டில். கூடவே 10 லிட்டர் சைடர் பெட்டி; அன்று பாதிதான் போகும். மிச்சம் செப்டம்பர் முழுக்க எங்கள் இருவருக்கு. கடைசியில் பெட்டியைக் கிழித்துப் பையை வெளியே எடுத்து, குழாய்ப் பக்கமாகச் சாய்த்து அமுக்கினால் இன்னும் ஒரு கிளாஸ் வரும்.