தி ஆர்டினரி கஃபீன் 5% சீரம்: யாருக்கு வேலை செய்யும்?

இது தி ஆர்டினரி என்ற பிராண்டின், கண்ணுக்கு அடியில் பூசும் சீரம். தூக்கம் கெட்டோ, இரவு உணவில் உப்பு கூடியோ காலையில் கண்ணுக்கு அடியில் வீங்கினால் இது உதவும். கஃபீன் ரத்த நாளங்களைச் சற்றுச் சுருக்கும். அந்தப் பலன் சில மணி நேரம்தான். வயதால் கொழுப்பு இறங்கிக் கண்ணுக்குக் கீழே வந்த பைக்கும், பரம்பரைக் கருவளையத்துக்கும் வாங்காதீர்கள், காசு வீண்.

30 மி.லி. குப்பி, தண்ணீர் போன்ற சீரம். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு சொட்டு போதும். முகம் கழுவித் துடைத்ததும் மோதிர விரலால் கண்ணுக்குக் கீழே உள்ள எலும்பின் மேல் ஒற்றுங்கள். இமை விளிம்புக்குப் போனால் எரியும். கூடுதலாகப் போட்டால் பிசுபிசுக்கும், மேலே தடவும் சன்ஸ்கிரீன் ரப்பர் துகள் மாதிரி உருண்டு வரும். சீரம் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

குளிர்ச்சிக்காக ஃபிரிட்ஜில் வைக்க ஆசை வரும். அறை வெப்பத்தில் வெறும் தண்ணீரில் கஃபீன் சுமார் 2% தான் கரையும். இதில் இருப்பதோ 5%. குளிர்ந்தால் படிகமாகப் பிரியலாம். ஈரத்துணியைக் குளிரவைத்து முதலில் ஒற்றி எடுப்பது மேல். (காபித்தூளைக் குழைத்துப் பூசுவதை மறந்துவிடுங்கள், மெல்லிய தோலைச் சிராய்க்கும்.)

அரிப்போடு வீங்கினால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். சீரத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.